புதர் மண்டிய சிற்றோடைகளுக்குக் குட்டையான ஃபிளை ராட்: எந்த நீளம், எந்த எண்?

ஓடைவழி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 9 அடி நீளமுள்ள, 5-ஆம் எண் லைனுக்கான கார்பன் ஃபிளை ராட் ஒன்று மட்டுமே. (ஃபிளை என்ற போலிப் பூச்சியை வீசும் தூண்டில் கோல்தான் ஃபிளை ராட். அதில் வீசப்படும் கனத்த கயிறு லைன்; எண் அதன் எடையைக் குறிக்கும்.) அகன்ற ஆறுகளிலும் ஏரிக் கரைகளிலும் அதனால் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இனி நான் அதிகமாகப் போக விரும்புவது மலைச்சரிவுகளில் இறங்கி வரும் சிற்றோடைகளுக்கு. அவற்றின் அகலம் பெரும்பாலும் 8 முதல் 12 அடி வரை இருக்கும். இரு கரையிலும் இடுப்பளவுக்குப் புதர் வளர்ந்திருக்கிறது. பல இடங்களில் மரக்கிளைகள் தலைக்கு மேல் 8 அடி உயரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மீன்கள் பெரியவை அல்ல. ஒரு சாண் நீள டிரவுட் கிடைத்தால் அந்த ஓடைக்கு அது நல்ல மீன். மீன் நிற்கும் மடுக்கள் எல்லாம் பத்திலிருந்து இருபது அடித் தொலைவுக்குள்தான் அமைகின்றன.

மூன்று கோல்களுக்கு இடையில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். ஒன்று 6 அடி நீளம், 2-ஆம் எண், கார்பன். மற்றொன்று 7 அடி, 3-ஆம் எண், கண்ணாடியிழை. மூன்றாவது 7½ அடி, 4-ஆம் எண், கார்பன். கோல் குட்டையாக இருந்தால் புதரில் சிக்காது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது முழு உண்மையானால் 6 அடிக் கோல்தான் சரியான விடையாக இருக்க வேண்டும். ஆனால் இத்தகைய ஓடைகளில் நெடுங்காலம் மீன்பிடித்தவர்களில் பலர் அவ்வளவு குட்டையான கோலைப் பரிந்துரைப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அதற்கான காரணத்தை யாராவது விளக்கினால் தேர்வு எளிதாகும்.


பாறைமடு எழுதியது:

உங்கள் ஓடையில் இரண்டு வேறு தடைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நீளத்தை முடிவு செய்ய இயலாது. கரையோரப் புதர் சுவர் போன்றது, பின்னிய கிளை கூரை போன்றது. கூரைக்குக் குட்டையான கோல் உதவும். சுவருக்கு அது உதவாது, பல நேரங்களில் கெடுதலே செய்யும். பின்வீச்சில் லைன் ஏறக்குறைய கோல் நுனியின் உயரத்திலேயே பின்னால் செல்கிறது என்பதால், நீளமான கோல் லைனைப் புதருக்கு மேலாகக் கடத்திவிடும். குட்டையான கோலோ அதே புதரின் தலையில் தூண்டில் முள்ளைக் கொண்டுபோய் மாட்டிவிடும். மேலே திறந்தும் பக்கத்தில் அடைத்தும் இருக்கும் ஓடையில் உங்கள் பழைய 9 அடிக் கோலே புதிய 6 அடிக் கோலைவிட நன்றாக வேலை செய்யக்கூடும்.

கூரை இருக்கும் பகுதிக்கு வருவோம். ஓடைக்குள் நின்று வீசும்போது கை தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். 9 அடிக் கோலை நிமிர்த்தினால் நுனி 13 அடிக்குப் போகும். 7 அடிக் கோலுக்கு 11 அடி. 6 அடிக் கோலுக்கு 10 அடி. கிளைகளின் உயரம் 8 அடி என்றால் மூன்றுமே இடிக்கும். ஆகவே அங்கே எந்தக் கோலாக இருந்தாலும் சாய்த்துத்தான் வீசியாக வேண்டும். 7 அடிக் கோலை 45 பாகை சாய்த்தால் அது பக்கவாட்டில் சுமார் 5 அடியையும் மேல்நோக்கிச் சுமார் 5 அடியையும் எடுத்துக்கொள்ளும். ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தால் கை 2½ அடிக்கு இறங்கிவிடும் என்பதால் நுனி 7½ அடியில் நின்று கிளைகளுக்குக் கீழே அடங்கும். 10 அடி அகல ஓடையின் நடுவில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் கிடைப்பதும் அந்த 5 அடிதான். 9 அடிக் கோலோ இரண்டு திசையிலும் 6 அடிக்கு மேல் கேட்கும். அது அங்கே அடங்காது. சரி, 6 அடிக் கோலுக்கு இறங்கினால் இன்னும் எவ்வளவு மிச்சம் கிடைக்கிறது என்று பார்த்தால், ஒவ்வொரு திசையிலும் முக்கால் அடி கூடத் தேறாது.

அந்த முக்கால் அடிக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது அதிகம். குட்டையான கோல் கையின் அசைவைக் குறைவாகவே பெருக்குகிறது. ஆகவே அதே வேகத்தை லைனுக்குக் கொடுக்க மணிக்கட்டும் முன்கையும் விரைவாக இயங்க வேண்டும். கை சற்றே தவறினாலும் லைனின் மடிப்பு குலைந்து, லைனையும் ஃபிளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடர் சுருண்டு விழும். லைனைப் பின்னால் பறக்க விடாமல் முன்னோக்கி உருட்டி வீசும் ரோல் காஸ்டுக்குத் தேவையான பின்தொய்வும், அதாவது கோலுக்குப் பின்னால் தொங்கும் லைன் வளைவும், குட்டைக் கோலில் சிறியதாகவே அமைகிறது.

இனி நான் நீளத்தைவிடவும் முக்கியம் என்று கருதும் விஷயம். ஃபிளை வீச்சில் கோலை வளைப்பது லைனின் எடை. ஃபிளைக்குச் சொல்லத்தக்க எடையே இல்லை. லைன் எண் என்பது அந்த லைனின் முதல் 30 அடியின் எடையைக் குறிப்பது. 3-ஆம் எண்ணுக்கு 100 கிரெயின், 4-ஆம் எண்ணுக்கு 120, 5-ஆம் எண்ணுக்கு 140. கிராமில் சொன்னால் சுமார் 6.5, 7.8, 9.1. கோலின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் இந்த அளவு லைன் வெளியே இருக்கும் என்ற கணிப்பில்தான் பொதுவாக அமைகிறது. உங்கள் ஓடையிலோ 30 அடி லைன் ஒருபோதும் வெளியே போகாது. 20 அடித் தொலைவில் நிற்கும் மீனுக்கு வீசினால்கூட, 7 அடிக் கோலும் ஏறக்குறைய அதே நீள லீடரும் அந்தத் தொலைவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, நுனிக்கு வெளியே இருக்கும் லைன் 6 முதல் 8 அடிதான். லைனின் முன்பகுதி மெலிந்து வருவதால், 3-ஆம் எண் லைனில் அந்த 8 அடி ஒன்றேமுக்கால் கிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

அந்த அற்ப எடைக்கு வளைந்து கொடுக்கும் கோலா என்பதுதான் சிற்றோடைக் கோலுக்கான முதல் சோதனை. நுனிப்பகுதி மட்டும் வளையும் வேகமான கார்பன் கோல்கள் தொலைதூர வீச்சுக்கென்று உருவானவை. அவற்றை வெறுமனே குட்டையாக்கி 2-ஆம் எண்ணை எழுதிவிட்டால் சிற்றோடைக் கோல் ஆகிவிடாது; 8 அடி லைனைத் தாங்கியபடி அவை அசையாமல் நிற்கும், வீசுபவர் தம் கையின் பலத்தால் லைனைத் தள்ள வேண்டியிருக்கும். நடுப்பகுதி வரை, முடிந்தால் கைப்பிடிக்கு அருகில் வரை மெதுவாக வளையும் கோல்தான் இங்கே தேவை.

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் என் முதல் தேர்வு 7 அடி, 3-ஆம் எண், கண்ணாடியிழைக் கோல். 7½ அடிக் கோல் மிதமான வேகம் உடையது என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவும் நல்ல தேர்வே, குறிப்பாக நீங்கள் அடர்ந்த இறகு கட்டிய பெரிய மிதவை ஃபிளைகளைப் பயன்படுத்துபவர் என்றால். காற்றைத் தடுக்கும் அத்தகைய ஃபிளையைப் புரட்டிப் போட 4-ஆம் எண் லைனுக்கு உள்ள தெம்பு 2-ஆம் எண்ணுக்கு இல்லை. 6 அடி, 2-ஆம் எண் கோலை நான் இந்த ஓடைக்கு வாங்க மாட்டேன். புல்வெளி நடுவே ஓடும் திறந்த சிற்றோடையில், சிறு ஃபிளைகளோடு, அது இனிமையான கோல், புதருக்குள் அல்ல.


நெடுங்கோல் எழுதியது:

மேலே உள்ள கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது வழக்கமான முன்வீச்சு, பின்வீச்சு என்ற முறையை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. புதர் ஓடையில் கணிசமான மீன்கள் அப்படி வீசாமலேயே பிடிபடுகின்றன. அந்த இடங்களில் நீளம் நமக்கு எதிரி அல்ல.

வில்லும் அம்பும் போல வீசும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளையின் முள்வளைவை இரு விரல்களால் பிடித்து, முள்ளின் கூர்மை விரலைப் பார்க்காமல் வெளிப்புறமாக இருக்குமாறு வைத்து, கோலை இலக்கை நோக்கி நீட்டி, லைனைப் பின்னால் இழுத்துக் கோலை வளைத்து விடுவிப்பது இது. பின்னால் ஓர் அங்குல இடம்கூட வேண்டாம். கிளைகளுக்கு நடுவே உள்ள சிறு சந்து வழியாகவும் ஃபிளையைச் செலுத்திவிடலாம். நுனிக்கு வெளியே நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய லைனும் லீடரும் ஏறக்குறைய கோலின் நீளமே என்பதால், இந்த வீச்சு எட்டும் தொலைவு கோல் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. 6 அடிக் கோலுக்கு 12 அடி. 8½ அடிக் கோலுக்கு 17 அடி. சுருள்களைக் கையில் பிடித்து இன்னும் சற்றுத் தொலைவு பெறுபவர்கள் உண்டு. ஆனால் அதே உத்தி நீளமான கோலுக்கும் பொருந்தும். மிக நெருங்கிய ஓடையில் மிகுதியாகப் பயன்படும் வீச்சில் குட்டைக் கோல்தான் தோற்கிறது என்பதைக் குட்டைக் கோல் பிரியர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, ஃபிளை நீரில் விழுந்த பிறகு நடப்பது. பாறைகளுக்கு இடையே பாயும் ஓடையில் உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் வேகமான நீரோட்டம் ஒன்று ஓடும்; மீன் நிற்பதோ பாறைக்குப் பின்னால் தேங்கிய மெல்லிய நீரில். லைன் அந்த வேகமான நீரில் படிந்த மறுகணமே ஃபிளை இயல்புக்கு மாறாக இழுபட்டு ஓடும். மீன் அதைத் தொடாது. நீளமான கோல் இருந்தால் நுனியை உயர்த்தி, லைன் முழுவதையும் நீருக்கு மேலே நிறுத்தி, ஃபிளையை மட்டும் அந்த அமைதியான நீரில் மிதக்க விடலாம். 6 அடிக் கோலோடு அதைச் செய்ய வேண்டுமானால் இன்னும் மூன்று அடி நெருங்கிச் செல்ல வேண்டும். சிற்றோடை மீன் அதற்குள் உங்களைப் பார்த்துவிடும்.

ஜப்பானிய மலையோடைகளில் ரீல் இல்லாத தெங்காரா கோல்கள் 11 முதல் 13 அடி வரை நீளமாக இருப்பது சாதாரணம். அங்கேயே மரங்கள் அடர்ந்த ஓடைகளுக்கென்று சோச்சின்-சுரி என்ற முறை ஒன்றும் இருக்கிறது: நீண்ட கோலின் நுனியில் மிகக் குறைந்த நீளத்துக்கு மட்டும் நரம்பைக் கட்டி, கோலையே கிளைகளுக்கு ஊடாக நீட்டி, இரையை நேராக நீரில் இறக்குவது. வீச்சு என்ற ஒன்றே அதில் இல்லை. அடர்ந்த ஓடை என்றதும் குட்டைக் கோல் என்று முடிவு செய்வது ஒரே வழி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் உடனே அந்த முறைக்கு மாற வேண்டும் என்பதற்காக அல்ல.

என் பரிந்துரை 8 அடிக்குக் குறையாத, 3-ஆம் எண், மிதமான வேகமுள்ள கோல். உங்கள் பட்டியலுக்குள்தான் தேர்வு என்றால் 7½ அடி.


மூங்கில்நார் எழுதியது:

நீளத்தைப் பற்றி இருவரும் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். பொருளைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

1940-களின் இறுதியில் கண்ணாடியிழைக் கோல்கள் சந்தைக்கு வந்து மூங்கில் கோல்களின் இடத்தைப் பிடித்தன. 1970-களில் கார்பன் வந்து கண்ணாடியிழையை ஒதுக்கியது. கார்பனின் வெற்றிக்குக் காரணம் அது எடை குறைந்தது, விறைப்பானது, வளைந்த பின் விரைவாக நிமிர்வது என்பவை. 9 அடிக் கோலில் இவை மூன்றும் பெரிய நன்மைகள். 7 அடிக் கோலிலோ கண்ணாடியிழையின் கூடுதல் எடை கைக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. விறைப்பு நமக்கு வேண்டாதது. ஆகவே கார்பன் எந்தக் காரணங்களால் வென்றதோ அவை இங்கே பொருந்தவில்லை. சிற்றோடைக்காரர்கள் கண்ணாடியிழைக்குத் திரும்புவதைப் பழமை மீதான ஏக்கம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது இயற்பியல் கணக்காகத்தான் தெரிகிறது.

இன்னொரு நன்மை உறுதி. புதருக்குள் நடக்கும்போது கோல் கிளையிலும் பாறையிலும் இடிபடாமல் இருக்காது. கார்பன் குழலில் விழும் சிறு கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பிறகு ஒரு நாள் சாதாரண இழுவையில் அதே இடத்தில் முறியும். கண்ணாடியிழை இத்தகைய அடிகளைக் கூடுதலாகத் தாங்கும்.

சீனாவின் குவாங்தோங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யும் கோல்கள் குட்டையான நீளத்தில் மிக அருமையானவை. ஆனால் அவற்றை முள்புதருக்குள் இழுத்துச் செல்ல மனம் வராது. முதல் சிற்றோடைக் கோலாக அதை நான் சொல்ல மாட்டேன்.

குட்டைக் கோல்களின் புகழைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் லீ வுல்ஃப் ஆறடி மூங்கில் கோலைக் கொண்டு அட்லாண்டிக் சால்மனையே பிடித்துக் காட்டியவர். குட்டைக் கோலின் பெரும் ஆதரவாளர். ஆனால் சால்மன் பிடிக்கும் ஆறுகள் அகன்றவை, திறந்தவை. எடை குறைந்த கருவியில் பெரிய மீனை அடக்கும் திறமையே அவர் நிறுவியது. அதைப் புதருக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.


ஓடைவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கூரை, சுவர் என்று பிரித்துப் பார்த்தபோது என் ஓடையே இரண்டாகப் பிரிகிறது என்பது புரிந்தது. கீழ்ப்பகுதியில் மரங்கள் நெருங்கிக் கூரை போட்டிருக்கின்றன. ஏறிப் போகப் போக மரங்கள் குறைந்து புதர் மட்டுமே மிஞ்சுகிறது. மீன்கள் அதிகம் இருப்பது கீழ்ப்பகுதியில். ஆகவே 7 அடிக் கண்ணாடியிழைக் கோலின் பக்கம் சாய்கிறேன். மேல்பகுதிக்குப் பழைய 9 அடிக் கோலையே எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது லைனைப் பற்றிய ஐயம். கோலில் 3 என்று எழுதியிருந்தால் 4-ஆம் எண் லைனைப் போட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இருபக்கமும் மெலிந்த லைன் நல்லதா, முன்பகுதி கனத்த லைன் நல்லதா? லீடர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?


பாறைமடு எழுதியது:

ஓர் எண் கூட்டிப் போடுவது விறைப்பான கோலுக்கான மருந்து. 8 அடி லைனில் வளையாத கார்பன் கோலை வைத்திருப்பவர் அடுத்த எண் லைனைப் போட்டால் அது சற்று உயிர் பெறும். கண்ணாடியிழைக் கோல் ஏற்கெனவே மென்மையானது. முதலில் 3-ஆம் எண்ணையே போட்டுப் பாருங்கள். கனமான லைன் நீரில் விழும் ஓசையும் கூடுதல், முழங்கால் ஆழ நீரில் நிற்கும் மீன் அதைக் கேட்காமல் இருக்காது. அதோடு, இன்று விற்கப்படும் லைன்களில் பல, எண்ணுக்குரிய எடையைவிடக் கனமாகவே செய்யப்படுகின்றன. பெட்டியில் எண்ணை மட்டும் பார்க்காமல் 30 அடியின் கிரெயின் எடை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3 என்று போட்டு 115 கிரெயின் இருந்தால், நீங்கள் அறியாமலேயே ஏறக்குறைய 4-ஆம் எண்ணை வாங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதன் மேல் இன்னும் ஓர் எண் கூட்டினால் மென்மையான கோல் தொய்ந்துபோகும்.

இருபக்கம் மெலிந்ததா, முன்கனத்ததா என்பது உங்கள் தொலைவில் பெரிய விவாதத்துக்கு உரியது அல்ல, ஏனெனில் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 30 அடிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பகுதி உங்கள் ரீலை விட்டு வெளியே வரப் போவதில்லை. இருபக்கம் மெலிந்த லைனில் ஒரு சிக்கனம் உண்டு: ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றி மறுமுனையைப் பயன்படுத்தலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. லைனின் முன்பகுதி எவ்வளவு நீளத்துக்கு மெலிந்து வருகிறது என்று பாருங்கள். அந்த மெலிவு நீளமாக இருந்தால், வெளியே இருக்கும் 6 அடியும் மெலிந்த பகுதியாகவே இருந்துவிடும்; கோலை வளைக்க எடையே இராது. மெலிவு குறுகிய லைனைத் தேர்ந்தெடுங்கள்.

லீடர் கோலின் நீளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் நடைமுறை. 7 அடிக் கோலுக்கு 6½ முதல் 7 அடி. அதைவிட நீளமானால், மீனைக் கைக்கருகில் கொண்டுவரும் நேரத்தில் லைனும் லீடரும் சேரும் முடிச்சு நுனி வளையத்துக்குள் போய்விடும். மீன் கடைசியாக ஒரு துள்ளல் துள்ளும்போது அந்த முடிச்சு வளையத்தில் இடறினால் நரம்பு அறுந்துவிடும். சிற்றோடையில் இந்த இணைப்பு நாளெல்லாம் வளையங்களுக்குள் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும், ஏனெனில் அடுத்த மடுவுக்கு நகரும்போதெல்லாம் லைனை உள்ளே இழுக்கிறோம். ஆகவே லைனின் முனையில் உள்ள தடித்த கண்ணியில் கண்ணி கோத்து இணைப்பதைவிட, லீடரை நேரடியாக லைனின் மேல் சுற்றிக் கட்டும் மெல்லிய ஆணி முடிச்சு இங்கே மேலானது. லீடரும் முடிச்சற்று, ஒரே இழையாக மெலிந்து வருவதாக இருக்கட்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு முடிச்சும் இலையையும் பாசியையும் பிடித்துக்கொள்ளும்.

லீடரின் மெல்லிய கடைசிப் பகுதியான டிப்பெட் 4எக்ஸ் போதும். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் கிடைப்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் அதன் விட்டம்; 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், அதாவது சுமார் 0.18 மி.மீ. இவ்வளவு சிறிய மீனுக்கு இது தடிப்பு என்று தோன்றலாம். ஆனால் நீங்கள் இந்த நரம்பால் மீனைவிடக் கிளைகளைத்தான் அதிகம் இழுக்கப் போகிறீர்கள். 6எக்ஸ் போன்ற மெல்லிய நரம்பில் அடர்ந்த ஃபிளையைக் கட்டினால் சில வீச்சுகளிலேயே முறுக்கிக்கொள்ளும் என்பது அதற்கு மேலும் ஒரு காரணம்.


நெடுங்கோல் எழுதியது:

கூரை உள்ள பகுதியில்தான் மீன் அதிகம் என்றால் 7 அடிக்கு நானும் இசைகிறேன். இரண்டு கோலையும் ஒரே நாளில் சுமந்து செல்வதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். புதருக்குள் மூட்டிய நிலையில் உள்ள இரண்டாவது கோல் பெரிய தொல்லை. ஒன்றை நான்கு துண்டுகளாகப் பிரித்துப் பையில் வைத்துக்கொள்ள முடியுமானால் நல்லது. நான்கு துண்டாகப் பிரியும் 7 அடிக் கோல் ஏறக்குறைய 2 அடிக்குள் அடங்கிவிடும்.


கரையோரம் எழுதியது:

தேர்வைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டதாகத் தெரிவதால், வாங்கும் நேரத்தில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

கோலைக் கையில் எடுத்து வெறுமனே ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. லைன் கோத்துத் தருமாறு கேளுங்கள். நுனிக்கு வெளியே லீடரும் 8 அடி லைனும் மட்டும் இருக்கட்டும். ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்து, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்கையை மட்டும் அசைத்து வீசிப் பாருங்கள். கை தளர்வாக இருக்கும்போதே லைன் மடிந்து விரிந்து போனால் அது உங்கள் ஓடைக்குரிய கோல். தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டியிருந்தால், 40 அடிக்கு அது எவ்வளவு அழகாக வீசினாலும், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். வில்வீச்சையும் ஒருமுறை செய்து பாருங்கள், முள் இல்லாமல் ஒரு நூல் முடிச்சை மட்டும் கட்டிக்கொண்டு.

ரீலைப் பற்றி யாரும் பேசவில்லை; பேச அதிகம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். சாண் நீள மீனை ரீலால் யாரும் அடக்குவதில்லை, லைனைக் கையால்தான் இழுக்கிறோம். ஆகவே விலையுயர்ந்த தடை அமைப்பு வேண்டாம். இரண்டை மட்டும் பாருங்கள். கோலே எடை குறைந்தது என்பதால் ரீலும் எடை குறைந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கைப்பிடிக்குக் கீழே கனம் தொங்கும். மேலும் சட்டம் முழுவதும் மூடிய அமைப்பாக, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் வெளி இல்லாமல் இருக்க வேண்டும். லீடரின் மெல்லிய பகுதி அந்த இடைவெளிக்குள் நழுவிப் போய்ச் சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டால், அதை எடுக்க ரீலையே கழற்ற வேண்டியிருக்கும்.

புதருக்குள் நடக்கும்போது கோலின் நுனி உங்களுக்குப் பின்னால் இருக்குமாறு பிடித்துச் செல்லுங்கள். நுனி முன்னால் இருந்தால் எதிரில் உள்ள ஒவ்வொரு கிளையிலும் குத்தும். பின்னால் இருந்தால் கைப்பிடி சென்ற வழியே நுனியும் இழுபட்டு வந்துவிடும். நகர்வதற்கு முன் தொங்கும் லைனைச் சுற்றிவிட்டு ஃபிளையைக் கைப்பிடியருகே உள்ள சிறு கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவது மீனுக்கு மட்டும் நல்லது அல்ல. கிளையிலிருந்தும் சட்டையிலிருந்தும் ஃபிளை எளிதாகக் கழன்றுவிடும். அப்படியும் உயரத்தில் சிக்கிக்கொண்டால் கோலை வளைத்து வெட்டி இழுக்காதீர்கள், கோல் நுனிகள் பலவும் முறிவது அந்த இழுப்பில்தான். கோலை நேராகச் சிக்கிய இடத்தை நோக்கி நீட்டி, லைனைக் கையில் பிடித்துப் பின்னோக்கி நகருங்கள். கண்ணாடியோ கறுப்புக் கண்ணாடியோ அணிந்திருங்கள், ஏனெனில் கிளையை விட்டு விடுபடும் ஃபிளை நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும்.